விமானத்தில் ‘இனி மது இல்லை’ என்றால் என்ன அர்த்தம்

மூன்றாவது முறை கேட்டதும் விஸ்கிக்குப் பதில் தண்ணீர் வருகிறது. பலருக்கு அது அவமானமாகப் படுகிறது. ஆனால் அந்த முடிவு அந்த நொடியில் எடுத்ததாக இருக்காது. ஏறும்போது வாசலில் வணக்கம் சொல்பவரே நடை, பேச்சு, வாடை மூன்றையும் கவனித்துவிடுவார். சந்தேகம் வந்தால் இருக்கை எண் மற்ற பணியாளர்களுக்கும் போய்விடும். முன்பக்கம் மறுத்தார்கள் என்று பின்பக்கம் போய்க் கேட்டாலும் அதே பதில் கிடைப்பது இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். 40% விஸ்கி, 50 மி.லி. மினியேச்சர் பாட்டில் ஒன்றில் சுமார் 16 கிராம் ஆல்கஹால். 187 மி.லி. ஒயினில் ஏறத்தாழ 19, 330 மி.லி. பீரில் 13. உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம்தான். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு விஸ்கியும் ஒரு ஒயினும் குடித்தவர் உள்ளே விட்டது 50 கிராமுக்கு மேல். கழிந்தது அதிகம் போனால் 15. விமான நிலையத்தில் குடித்தது இதில் சேரவில்லை, பணியாளருக்கு அது தெரியவும் தெரியாது. கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் ஏற அரை மணிக்கு மேலும் ஆகலாம் என்பதால், தள்ளாடும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை.

வானத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும் என்பது தவறு. குறைவது ஆக்சிஜன். கேபின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். 2024-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், மது குடித்துவிட்டு இந்த அழுத்தத்தில் தூங்கியவர்களின் ரத்த ஆக்சிஜன் சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் ஏறியது. தூக்க மாத்திரையோடு குடிப்பது இன்னும் மோசம்; அதைச் சொன்னால் மறுப்பார்கள், மறுக்கத்தான் வேண்டும்.

இதில் சட்டமும் உண்டு. போதையில் தெரிபவருக்கு மது பரிமாறக்கூடாது, விமான நிறுவனம் பரிமாறாத மதுவை யாரும் குடிக்கக்கூடாது என்கிறது அமெரிக்காவின் 121.575 விதி. டியூட்டி ஃப்ரீ பாட்டிலைத் திறப்பதுதான் சாதாரண மறுப்பைப் பெரிய வழக்காக்கும் வேலை. பக்கத்து இருக்கைக்காரரை வாங்கித் தரச் சொல்வதும் பலிக்காது; அவருக்கும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

மறுத்துவிட்டால் சாப்பாடும் தண்ணீரும் கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாமா என்று ஒரு முறை, மெதுவாகக் கேட்கலாம். இறங்கத் தொடங்கும் நேரம் என்றால் அதுவும் வேண்டாம், சரக்கைப் பூட்டியிருப்பார்கள். குரல் உயர்ந்தால் விஷயம் விமானிக்குப் போகும், பிறகு எழுத்து எச்சரிக்கை வரலாம். முறை தவறி மறுத்தார்கள் என்று நினைத்தால் நேரம், இருக்கை, சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இறங்கியபின் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரத்தச் சர்க்கரை தாழ்ந்தவரும் குடித்தவர் போலவே குழறுவார், வியர்ப்பார், எரிந்து விழுவார். குடித்திருந்தால் சர்க்கரை இன்னும் தாழலாம். இன்சுலின் போடுபவர் என்றால் ஏறியதுமே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஆனால், நினைவோடு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் 150 மி.லி. சாதாரண கோலா கொடுக்கச் சொல்லுங்கள், டயட் கோலா உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும்.