ரெய்ஷி காளான்: கஷாயமும் பொடியும் ஒன்றல்ல

தஞ்சைப் பகுதித் தென்னந்தோப்புகளில் 1952ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவான வாடல் நோயை 'தஞ்சாவூர் வாடல்' என்றே இன்றும் சொல்கிறோம். அடிமரத்தில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். மட்டைகள் பழுத்துத் தொங்கும். மரம் பட்டுப்போகும் தறுவாயில் தூரை ஒட்டி, வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் காளான் ஒன்று சிறு பலகையாக நீட்டிக்கொண்டு முளைக்கும். சீனாவில் லிங்ஸி என்றும் ஜப்பானில் ரெய்ஷி என்றும் பல நூற்றாண்டுகளாகப் போற்றப்படும் மருந்துக் காளானும் இதுவும் கனோடெர்மா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தக் கிரேக்கப் பெயருக்குப் பொருளே 'பளபளக்கும் தோல்' என்பதுதான்.

உறவு நெருங்கியது என்பதற்காகத் தோப்பில் முளைத்ததைப் பறித்து மருந்தாக்கிவிடக் கூடாது, ஏனெனில் இந்தப் பேரினத்துக் காளான்களைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். 'லூசிடம்' என்ற இனப்பெயர் 1781இல் இங்கிலாந்தில் கிடைத்த காளானுக்குச் சூட்டப்பட்டது. சீனாவில் வளர்க்கப்படுவது அதுவன்று, வேறோர் இனம் என்று 2012இல்தான் ஆய்வாளர்கள் பிரித்து, அதற்குக் கனோடெர்மா லிங்ஸி என்று பெயரிட்டார்கள். விற்பனைக்கு வரும் பெரும்பாலான ரெய்ஷி டப்பாக்களின்மேல் இன்னும் 'கனோடெர்மா லூசிடம்' என்ற பழைய பெயரே அச்சாகிறது.

மொட்டுக் காளானைப்போல இதை வதக்கிச் சாப்பிட முடியாது. காய்ந்த ரெய்ஷியைத் தட்டினால் மரக்கட்டையின் ஓசை கேட்கும். கடித்தால் பல்தான் வலிக்கும். அதனால் சீன வழக்கத்தில் அதை மெல்லிய சீவல்களாக்கி நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடிப்பார்கள். சீன அரசின் மருந்து நூல் நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம் காளான் என்று அளவு குறிக்கிறது. கொதிக்கவைப்பதற்குக் காரணம் உண்டு. காளானின் செல் சுவரில் இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின் இருக்கிறது. நம் குடலால் அதை எளிதில் உடைக்க முடியாது. அந்தச் சுவரோடு பின்னிக் கிடக்கும் பீட்டா குளுக்கான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளில் ஒரு பகுதியை வெந்நீர் பிரித்தெடுக்கிறது. கசப்புக்குக் காரணமான ட்ரைடெர்பீன்களோ நீரைவிட ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரையும். அவற்றில் கனோடெரிக் அமிலம் ஏ, பி ஆகிய இரண்டும் 1982இல் அடையாளம் காணப்பட்டன. பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டன. ஆகவே கஷாயம், ஆல்கஹால் சாறு, வெறும் அரைத்த பொடி ஆகிய மூன்றும் ஒரே காளானிலிருந்து வந்தாலும் ஒரே மருந்தல்ல. நாக்கில் வைத்தால் கசக்கவே கசக்காத சாற்றில் ட்ரைடெர்பீன் அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற விளம்பரச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் உடலில் பீட்டா குளுக்கான் உற்பத்தியாவதில்லை. பூசணங்களின் சுவரில் அது உண்டு. மேக்ரோஃபேஜ் முதலிய காவல் செல்களின் மேற்பரப்பில் டெக்டின்-1 என்னும் ஏற்பி இருக்கிறது. பீட்டா குளுக்கான் அதில் வந்து பொருந்தியதும் 'பூசணம் நுழைந்துவிட்டது' என்று அந்தச் செல் புரிந்துகொண்டு, சைட்டோகைன் என்னும் வேதிச் செய்திகளை வெளியிட்டு மற்றச் செல்களை எழுப்பிவிடுகிறது. அதாவது, உடல் ரெய்ஷியை நண்பன் என்று வரவேற்பதில்லை, எதிரியின் வாடை என்று விழித்துக்கொள்கிறது. அப்படி எழுப்பிவிடுவது எல்லாருக்கும் நன்மையாகிவிடாது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விழுங்குபவருக்கும், தன் உடலையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோயுள்ளவருக்கும் காவலைத் தட்டி எழுப்புவது எதிர்விளைவைத் தரக்கூடும்.

ஆய்வுக்கூடத் தட்டில் கிடைக்கும் முடிவுகள் மனிதரிடம் அப்படியே பலிப்பதில்லை. புற்றுநோயாளிகளிடம் நடந்த 5 சோதனைகளை, மொத்தம் 373 பேரை, அலசிய கோக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, முதல்நிலைச் சிகிச்சையாக ரெய்ஷியைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றது. வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகச் சேர்த்தபோது சில எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை சற்றுக் கூடியது, ஆனால் ஆயுள் நீண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. சர்க்கரை நோயில் நிலைமை இன்னும் தெளிவு: ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் நாளுக்கு 3 கிராம் வீதம் 16 வாரம் கொடுத்துப் பார்த்து, 2016இல் வெளியான சோதனையில் ரத்தச் சர்க்கரை குறையவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு 'காளான் காப்பி' குடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரும்பாலோருக்கு வயிற்றுப் பிரட்டல், வாய் உலர்தல், தோல் அரிப்பு என்ற அளவோடு நின்றுவிடும். கவலை தருவது கல்லீரல். கல்லீரல் பாதிப்பு குறித்த ஓர் அறிக்கை 2004இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2007இல் தாய்லாந்து மருத்துவர்கள் ஓர் உயிரிழப்பையே பதிவு செய்தார்கள். அந்த நோயாளி பழைய முறைத் தயாரிப்பை விட்டுப் பொடிக்கு மாறிய பிறகே கல்லீரல் செயலிழந்தது. ஒருவரின் கதையை வைத்துக் காரணத்தை உறுதிசெய்ய முடியாதென்றாலும், பொடியில் காளான் முழுவதும், சில வேளை கலப்படமும், அப்படியே வயிற்றுக்குள் போகிறது என்பதை மறக்கலாகாது. கலப்படம் வெறும் ஐயமன்று: அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷித் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2017இல் வெளியான ஆய்வில், 5 மட்டுமே மேலட்டையில் எழுதியிருந்ததோடு ஒத்துப்போயின. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே சரி.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படாதது. காளானின் அடிப்புறத் துளைகளிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் கொட்டும் வித்துகளைச் சேகரித்து, சுவரை உடைத்து, 'வித்துப் பொடி' என்று விலை கூட்டி விற்கிறார்கள். வயிறு, குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5 பேருக்கு, நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் அளக்கும் சிஏ 72-4 என்னும் புற்றுநோய்க் குறியீடு திடீரென ஏறியதாகச் சீன மருத்துவர்கள் 2014இல் எழுதினார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சத்தில் தேடியபோது, ஐவருமே வித்துப் பொடி சாப்பிட்டு வந்தது தெரிந்தது. பொடியை நிறுத்தியதும் குறியீடு இறங்கியது.