வெர்னியரைக் கீழே வையுங்கள்: செராமிக் பிரேக்கோடு ட்ராக் டே போகிறவர்களுக்கு

கார்பன் செராமிக் டிஸ்க், அதாவது வீலோடு சுற்றுகிற பிரேக் தட்டு, முடிந்துவிட்டதா இல்லையா என்பதைத் தடிமன் அளக்கிற வெர்னியரை வைத்து அளந்து சொல்ல முடியாது. ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போன மாதம் ஆம்பூரிலிருந்து வந்த வண்டியிலும் அதே கதைதான். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அது ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓட்டுகிறவர் தோல் வியாபாரக் குடும்பத்துத் தம்பி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குத் தவறாமல் போகிறவர். “அண்ணா, பேட் மட்டும் மாத்திடுங்க, இப்பல்லாம் சீக்கிரமே தேயுது. டிஸ்க் புதுசு மாதிரியே இருக்கு, நானே அளந்து பார்த்துட்டேன்” என்றார். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற கட்டைதான் பேட். டிஸ்க்கை அவர் அளந்தது உண்மை. தடிமனில் பெரிய வித்தியாசம் இல்லை. வீலைக் கழற்றி டிஸ்க்கின் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருஞ்சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய இடம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் சொரசொரவென்று தடுக்கியது. கார்பன் இழை இருந்த இடத்தில் இழை இல்லை, அது எரிந்து போன பள்ளம்தான் இருந்தது. அந்தச் சொரசொரப்புதான் பேடைத் தின்றுகொண்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றித் துடைத்துத் தராசில் வைத்தோம். நடுவிலுள்ள உலோகத் தொப்பியில் குறைந்தபட்ச எடை என்று ஒன்று பொறித்திருக்கும். முன்பக்க டிஸ்க் இரண்டுமே அதற்குக் கீழே போயிருந்தன. பேட் மாற்ற வந்த தம்பியிடம் இரண்டு டிஸ்க்கும் தூக்கிப் போட வேண்டியவை என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை.

“செராமிக்னா தேயாதுண்ணா.” இந்த ஒரு வாக்கியம்தான் இத்தனைக்கும் காரணம். விற்கிறவர் சொல்கிறார், வாங்குகிறவர் நம்புகிறார், நண்பர்கள் திரும்பச் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வேலூரிலிருந்து சென்னை, பெங்களூர் என்று ரோட்டில் மட்டும் ஓட்டினால் அந்த டிஸ்க் வண்டியின் ஆயுள் முழுக்கவே வரக்கூடும். துரு பிடிக்காது, வீலில் கறுப்புத் தூசி படியாது, இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதி எடைதான். எல்லாம் சரி. ஆனால் அது ரோட்டுக்கான கணக்கு.

அந்த டிஸ்க் எதனால் ஆனது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். துண்டு துண்டாக வெட்டிய கார்பன் இழையைப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தி, காற்றில்லாத சூளையில் சுட்டுக் கரியாக்குகிறார்கள். பிறகு உருகிய சிலிக்கானை அதற்குள் ஊற விடுகிறார்கள். சிலிக்கான் உருகுவதற்கே 1414 டிகிரி வேண்டும். உள்ளே போன சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல்லில் இருக்கிற அதே பொருள், அவ்வளவு கடினம். அதனால்தான் பேட் உரசி அதைத் தேய்க்க முடிவதில்லை. இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. இதற்கு அடுத்ததை யாரும் சொல்வதில்லை. உள்ளே இருக்கிற இழைகள் இன்னமும் கார்பன்தான். கார்பன் சூடாகிக் காற்றுப் பட்டால் எரியும். இஸ்திரிப் பெட்டியில் போட்ட கரி எப்படிச் சத்தமில்லாமல் குறைகிறதோ அப்படித்தான் இதுவும். 400, 500 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல ஆரம்பித்துவிடும். மேலே போகப் போக வேகம் கூடும். ரோட்டில் டிஸ்க் அந்தச் சூட்டைத் தொடுவது அபூர்வம். ட்ராக்கில் 600-ஐத் தாண்டுவது சாதாரணம், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும்.

இழை எரிந்தாலும் சிலிக்கான் கார்பைடு கூடு அப்படியே நிற்கிறது. தடிமன் மாறாது. எடைதான் குறையும். கூடவே வலுவும் குறையும். வெர்னியர் இதைக் காட்டவே காட்டாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் தொப்பியில் எடையைப் பொறிக்கிறார்கள். சில டிஸ்க்குகளில் முகத்திலேயே தேய்மானக் குறிகளும் உண்டு. கார்பன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று டிஸ்க்கைக் கழற்றாமலே பார்க்கிற கருவியும் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் கழற்றி, சுத்தம் செய்து, உலர வைத்து, கிராம் சுத்தமாகக் காட்டுகிற தராசில் வையுங்கள். புது டிஸ்க்கின் எடைக்கும் குறைந்தபட்ச எடைக்கும் உள்ள இடைவெளி கிராம் கணக்கில்தான் இருக்கும், கறிக்கடைத் தராசு உதவாது.

“எஃப்1 காரிலயும் இதுதானே இருக்கு” என்று அடுத்து வருவார்கள். இல்லை. எஃப்1-ல் இருப்பது கார்பன்-கார்பன். சிலிக்கான் கிடையாது, முழுக்கக் கார்பன். ஆறியிருக்கும்போது சரியாகப் பிடிக்காது, சூடேறினால்தான் வேலை செய்யும், 1000 டிகிரி வரை போகும். அதுவும் எரிந்துதான் தேய்கிறது. தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது செலவே இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது காலையில் வீட்டு வாசலில் முதல் பிரேக்கிலேயே பிடிக்க வேண்டும் என்று ரோட்டுக்காகச் செய்தது. இன்னொன்றும் கேளுங்கள். மஞ்சள் காலிப்பரோடு (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பிடி) செராமிக் பிரேக் விற்கிற போர்ஷே, தன்னுடைய 911 ஜிடி3 கப் பந்தயக் காருக்கு இரும்பு டிஸ்க்தான் போடுகிறது. ரோட்டில் ஓடுகிற 992 தலைமுறை 911 ஜிடி3-யிலும் முன்பக்கம் 408 மி.மீ. இரும்பு டிஸ்க்தான் ஸ்டாண்டர்டு. 410 மி.மீ. செராமிக்கைக் கூடுதல் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ட்ராக் ஓட்டம் எப்பேர்ப்பட்ட டிஸ்க், பேடின் ஆயுளையும் வெகுவாகக் குறைக்கும், ஒவ்வொரு ட்ராக் நிகழ்ச்சிக்குப் பிறகும் பிரேக் பாகங்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர்கள் கையேட்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது. நான் புதிதாக எதையும் கிளப்பிவிடவில்லை.

இன்னும் சிலர் வேலூர் வெயில்மேல் பழியைப் போடுகிறார்கள். காற்று 42 டிகிரி, டிஸ்க் 600 டிகிரி. அந்த 42 இதில் எந்த மூலைக்கு? சூடு வருவது வேகத்திலிருந்து. 1,600 கிலோ வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க நிறுத்தினால் சுமார் 6 லட்சம் ஜூல். அதே வண்டியை 200-லிருந்து 80-க்கு இறக்கினால் 20 லட்சத்துக்கு மேல். அதாவது நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்து வண்டியை அடித்து நிறுத்துகிறீர்களே, அப்படி மூன்று தடவைக்கு மேல் ஒரே வளைவில். அப்புறம் அடுத்த வளைவு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை எத்தனை முறை இறங்கியிருந்தாலும் அதை வைத்து ட்ராக்கைக் கணக்குப் போடாதீர்கள்.

இனி உயிர் போகிற விஷயம். செராமிக் பிரேக் வைத்திருக்கிறவர்கள் மறந்தே போகிறவை பிரேக் ஆயிலும் பேடும். டிஸ்க் ஆயிரம் டிகிரி தாங்கலாம், காலிப்பருக்குள் இருக்கிற ஆயில் தாங்காது. டாட் 4 என்கிற தர பிரேக் ஆயிலுக்கு விதிப்படி கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் 155 வரை இறங்கலாம். அந்த ஆயில் கொதித்துக் குமிழி வந்ததோ, பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. நீளமான நேர்பாதையின் முடிவில், அதிக வேகத்தில், அதிகச் சூட்டில்தான் இது நடக்கும். செராமிக் டிஸ்க் கூடுதல் சூட்டைத் தாங்குவதால் பிடிப்பு மங்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும், நீங்களும் நம்பி இன்னும் தாமதமாக மிதிப்பீர்கள், சூடு முழுக்கப் பேட் வழியாக ஆயிலுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். இரும்பு டிஸ்க் முன்கூட்டியே முனகிக் காட்டிக்கொடுக்கும். செராமிக் கடைசி வரைக்கும் சொல்லாது.

ஆகவே ட்ராக்குக்குப் போகும் முன் ஆயிலை மாற்றுங்கள். கொதிநிலை 300-க்கு மேல் உள்ள ரேஸிங் ஆயில் நம் ஊரிலேயே வாங்கலாம். ஷெல்ஃபில் பாதி மிச்சம் இருக்கிற பழைய டின் வேண்டாம், திறந்த டின் ஈரம் குடித்த டின். டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. 5 என்பது சிலிகான் ஆயில், மற்றதோடு கலக்கவே கூடாது. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றால் கடையை மாற்றுங்கள். பேட் பாதி தேய்ந்துவிட்டால் ரோட்டுக்கு ஓகே, ட்ராக்குக்கு அது முடிந்த பேட். சூட்டைத் தடுத்து நிறுத்த நடுவே இருப்பதே அந்தப் பேட் கனம்தான். செராமிக் டிஸ்க்குக்கு என்று செய்த பேட் மட்டுமே போடுங்கள். இரும்பு டிஸ்க் பேடைப் போட்டு டிஸ்க்கைப் பாழாக்கிய வண்டிகளையும் பார்த்துவிட்டேன். பேட் முழுதும் தேய்ந்து பின்தகடு டிஸ்க்கில் உரசினால் அந்த ஒரு சுற்றோடு டிஸ்க் கதை முடிந்தது.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். பிரேக்கை முடிந்தவரை தொடாமல், காற்று வாங்கவிட்டு உள்ளே வாருங்கள். பிட்டுக்கு வந்து பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள். கியரில் விட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். நிற்கிற வண்டியில்தான் சூடு காலிப்பருக்குள் ஏறும். பெடல் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் போதும். பிரேக் ஆயிலிலுள்ள குமிழிகளை வெளியேற்றாமல் (ஏர் எடுக்காமல்) அதே வண்டியில் வாலாஜாபேட்டை வழியாக வீட்டுக்கு நெடுஞ்சாலையில் வரலாம் என்று நினைக்காதீர்கள், ரெக்கவரி வண்டிக்குப் போன் போடுங்கள். சில ஆயிரம்தான் ஆகும்.

அடுத்தது பஞ்சர் கடை. ட்ராக்கில் பிழைத்து வந்த டிஸ்க் நெடுஞ்சாலை ஓரப் பஞ்சர் கடையில் உடைவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கடைப் பையன்மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த வண்டிகளில் பலவற்றில் வீலைத் தாங்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டட் கிடையாது, கழற்றி எடுக்கிற போல்ட்தான். கடைசி போல்ட்டைக் கழற்றியதும் வீல் தொப்பென்று இறங்கி டிஸ்க்கின் ஓரத்தில் இடிக்கும். இரும்பு என்றால் ஒன்றும் ஆகாது. செராமிக் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிடும், சில்லு அளவு மீறினால் டிஸ்க்கே போச்சு. வண்டியின் டூல் கிட்டைத் திறந்து பாருங்கள், நீளமான வழிகாட்டிப் பின் இருக்கும். இரண்டு போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் பின்னைத் திருகிவிட்டு, மற்றதைக் கழற்றி, வீலைப் பின்மேலேயே நேராக இழுத்து எடுக்க வேண்டும். மாட்டும்போதும் அப்படித்தான். தயவுசெய்து டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நின்று நீங்களே சொல்லுங்கள், “தம்பி, பின்னைப் போட்டுக்கப்பா” என்று. ட்ராக்கில் வண்டி மண்ணில் இறங்கியிருந்தால் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தூசித் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நகர்த்துங்கள்.

வாட்டர் சர்வீஸில் ஆசிட் கலந்த அலாய் கிளீனர் வேண்டாம். கழுவிய பிறகு முதல் மிதிக்குப் பிடிப்பு குறைவாக இருக்கும், கேட்டைத் தாண்டியதும் லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

அடிக்கடி ட்ராக் போகிறவர் என்றால் நான் சொல்வது ஒன்றுதான். அந்த வண்டிக்கென்று வருகிற இரும்பு டிஸ்க் செட்டை, பேடும் அளவும் பொருத்தமும் பார்த்து வாங்கி மாட்டுங்கள். செராமிக் செட்டைத் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். எடை கூடும், ஸ்டீயரிங்கில் கொஞ்சம் தெரியும், ஆமாம். இரும்பு டிஸ்க் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், விரிசல் விட்டால் தெரியும், மாற்றினால் சொத்தை விற்க வேண்டியதில்லை. நாலு செராமிக் டிஸ்க்கும் மாற்றுகிற செலவில் ஒரு புதுக் குடும்பக் காரே வாங்கலாம். ஆம்பூர் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன், அவரும் இரும்புக்கே மாறிவிட்டார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் நாலு வீலையும் கழற்றச் சொல்லுங்கள். ஓரத்தில் சில்லு, முகத்தில் வெளுப்பு, நகத்தில் சொரசொரப்பு மூன்றையும் பாருங்கள், எடைச் சீட்டைக் கேளுங்கள். எடை போட விற்கிறவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், டிஸ்க் முடிந்துவிட்டது என்றே வைத்து நாலு டிஸ்க் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.