அழைப்பேற்புச் சேவை: சொற்களும் சுருக்கங்களும்

தொலைபேசி மணி அடித்தால் அதை ‘ஆன்ஸர்’ செய்வதாக ஆங்கிலம் சொல்கிறது. தமிழில் நாம் போனை எடுக்கிறோம், அல்லது அழைப்பை ஏற்கிறோம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘டெலிபோன் ஆன்ஸரிங் சர்வீஸ்’ என்பதைத் ‘தொலைபேசி விடையளிப்புச் சேவை’ என்று பெயர்த்துவிடுவதால், கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் தகவல் மையம் என்ற எண்ணமே படிப்பவருக்கு உண்டாகிறது. அச்சேவையின் வேலை வேறு. மருத்துவரோ வழக்கறிஞரோ பழுதுபார்ப்பவரோ தம்மால் எடுக்க இயலாத வேளைகளில், அவர்களுக்கு வரும் அழைப்புகளை அவர்கள் பெயரால் எடுத்துப் பேசி, செய்தியைக் குறித்துக்கொண்டு, அவசரமானதை உடனே உரியவரிடம் சேர்ப்பிக்கும் பணி அது.

‘ஆன்ஸர்’ என்பதன் பழைய ஆங்கில வடிவத்தில் ‘எதிர்’ என்ற பொருளுடைய முன்னொட்டும், சத்தியம் செய்து சொல்லுதலைக் குறிக்கும் வேரும் சேர்ந்திருந்தன. தம்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு எதிராக ஒருவர் சத்தியம் செய்து சொல்லும் கூற்றே அதன் முதற்பொருள். பிறகு எந்தக் கேள்விக்கும் சொல்லும் மறுமொழி என்றும், அதன்பின் கதவு தட்டும் ஓசைக்கும் தொலைபேசி மணிக்கும் செவிசாய்த்தல் என்றும் அது விரிந்தது. தமிழின் ‘விடை’ அவ்வழியில் விரியவில்லை. வினா இல்லாத இடத்தில் அது வருவதும் இல்லை, விடைபெறுதல் போன்ற வேறு பொருளில் வந்தாலொழிய. ‘பதில்’ என்பதோ மாற்று என்று பொருள்படும் ‘பதல்’ என்ற அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ‘அவருக்குப் பதிலாக இவர் வந்தார்’ என்னும்போது அந்த மூலப்பொருள் இன்றும் தெளிவாக இருக்கிறது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் பேசும் இச்சேவைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பேச்சில் அதை விலக்க வேண்டிய தேவை எதையும் நான் காணவில்லை. எழுத்திலும் ஆவணத்திலும் ‘அழைப்பேற்புச் சேவை’ என்பதே செயலைச் சரியாகச் சொல்கிறது.

இத்துறையின் சுருக்கங்களில் பல, மனிதர் கையால் இணைப்புக் கொடுத்த பலகைகளின் காலத்திலிருந்து வந்தவை. முதல் வணிக இணைப்புப் பலகை அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1878 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட், இத்தகைய பலகையில் இணைப்புக் கொடுக்கும் முதல் பெண்ணாகப் பணியில் சேர்ந்தார். அப்பலகைகளில் செருகப்பட்ட முளையின் நுனி ‘டிப்’ என்றும், அதற்கு அடுத்த உலோகப் பட்டை ‘ரிங்’ என்றும் பெயர் பெற்றன. இன்றும் தொலைபேசிக் கம்பி இரண்டையும் பணியாளர்கள் டி, ஆர் என்றே குறிக்கிறார்கள். இந்த ரிங்கை ‘மணி’ என்று மொழிபெயர்ப்பது பிழை; அது முளையைச் சுற்றியிருந்த வளையம். நுனிக் கம்பி, வளையக் கம்பி என்றால் பொருள் தானாக விளங்கும்.

பி.பி.எக்ஸ். என்பதன் விரிவு ‘பிரைவேட் பிராஞ்ச் எக்ஸ்சேஞ்ச்’. இதைத் ‘தனியார் கிளை இணைப்பகம்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. ‘தனியார்’ என்றதும் நமக்கு அரசு சாராத துறைதான் நினைவுக்கு வரும் என்பதால், அரசு அலுவலகத்துக்குள் இருக்கும் பி.பி.எக்ஸ்.ஸைத் தனியார் இணைப்பகம் என்றால் குழப்பமே மிஞ்சும். ஒரு நிறுவனம் தன் உள்தேவைக்காகத் தானே வைத்துக்கொள்ளும் இணைப்பகம் என்பதே பொருள். ஆகவே ‘உள்ளிணைப்பகம்’ போதும்.

அழைப்பேற்புச் சேவையின் உயிர்நாடி டி.ஐ.டி., டி.என்.ஐ.எஸ். என்ற இரண்டில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தொலைபேசிக் கம்பியையும் சேவை நிலையத்தின் பலகை வரை நீட்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘டைரக்ட் இன்வர்ட் டயலிங்’ வந்தபின், சில இணைப்புகளின் வழியாகவே நூற்றுக்கணக்கான எண்களுக்கு உரிய அழைப்புகளைப் பெற முடிந்தது. இதை ‘நேரடி உள்ளழைப்பு’ எனலாம். ஆனால் எல்லா அழைப்பும் ஒரே இடத்துக்கு வரும்போது, அது யாருக்கு வந்தது என்பது எடுப்பவருக்குத் தெரிய வேண்டும். அழைத்தவர் எந்த எண்ணைச் சுழற்றினார் என்பதை இணைப்பகம் உடன் அனுப்பும் தகவலே டி.என்.ஐ.எஸ். அந்த எண்ணைக் கொண்டு திரையில் வாடிக்கையாளரின் பெயரும் வரவேற்பு வாசகமும் தோன்றுகின்றன. பணியாளர் அதைப் பார்த்தே ‘வணக்கம், மருத்துவர் இல்லம்’ என்றோ ‘வணக்கம், வழக்கறிஞர் அலுவலகம்’ என்றோ தொடங்குகிறார். இதற்கு ‘அழைக்கப்பட்ட எண் அறிதல்’ என்றும், அழைத்தவரின் எண்ணைக் காட்டும் ஏ.என்.ஐ.க்கு ‘அழைத்த எண் அறிதல்’ என்றும் எழுதினால், ஆங்கிலச் சுருக்கங்கள் மறைத்துவிடும் வேறுபாட்டைத் செய்வினை, செயப்பாட்டுவினைப் பெயரெச்சங்கள் கொண்ட நம் இலக்கணமே எளிதாகக் காட்டிவிடுகிறது.

டி.டி.எம்.எஃப். என்ற சுருக்கம் பலரை மிரட்டுகிறது. அதன் பொருளோ காதுக்குப் பழகியது. 5 என்ற பொத்தானை அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு தொனிகள் ஒருசேர ஒலிக்கின்றன. ஒன்று அப்பொத்தான் இருக்கும் கிடைவரிசையையும், மற்றது நெடுவரிசையையும் சொல்கின்றன. மனிதக் குரல் தற்செயலாக இந்த இணையை உண்டாக்கிவிடாதபடி அதிர்வெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பெல் நிறுவனம் 1963 நவம்பரில் இதை மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பழைய சுழல்தட்டு மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும். அந்தத் துடிப்புகளை அருகிலுள்ள இணைப்பகம் எண்ணிக்கொள்ளும், அதற்கு அப்பால் அவை போவதில்லை. தொனிகளோ குரல் செல்லும் பாதையிலேயே மறுமுனை வரை போய்ச் சேர்கின்றன. ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று ஓர் இயந்திரம் நம்மிடம் கேட்க முடிவது இதனால்தான். ‘இருதொனிக் குறிகை’ என்ற பெயரில் இதன் செயல் முழுவதும் அடங்கிவிடுகிறது.

அப்படிக் கேட்கும் இயந்திரமே ஐ.வி.ஆர்.; ‘இன்டராக்டிவ் வாய்ஸ் ரெஸ்பான்ஸ்’. இதில் ‘வாய்ஸ்’ என்பது முதன்மையாக இயந்திரத்தின் குரல். அழைத்தவர் பெரும்பாலும் பொத்தானால்தான் பேசுகிறார். ‘ஊடாடும் குரல்வழி மறுமொழி’ என்ற வழக்கு தவறில்லை, நீளமானது மட்டுமே. அதை ‘ஊ.கு.ம.’ என்று சுருக்க முயல்வதைத்தான் ஏற்க இயலவில்லை. தமிழில் இத்தகைய முதலெழுத்துச் சுருக்கம் பெரும்பாலும் பொருளையும் தருவதில்லை, நினைவிலும் எளிதில் நிற்பதில்லை. சுருக்கம் வேண்டுமிடத்தில் சிறிய சொல்லைத் தேடுவதே நம் மொழிக்கு இயல்பு: ‘குரல்மொழி அமைப்பு’ போதுமானது. துறைப் பிரிவுக்கு இணைத்துவிடுவதோடு நின்றுவிடும் ‘ஆட்டோ அட்டெண்டன்ட்’ இதிலிருந்து வேறு. அது ‘தானியங்கி வரவேற்பி’. செய்தியைப் பதிந்து வைக்கும் ‘வாய்ஸ் மெயில்’ என்பதற்குக் குரலஞ்சல் என்ற சொல் நிலைத்துவிட்டது, அது நன்று.

ஏ.சி.டி. எனப்படும் ‘அழைப்புப் பகிர்வி’, வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்தி, ஓய்வாக இருக்கும் பணியாளருக்குப் பகிர்ந்தளிக்கிறது. மின்மாற்றி, உணரி போன்ற சொற்களின் அமைப்பையே இது பின்பற்றுகிறது. அந்த வரிசையைக் கணக்கிட வழிவகுத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் எர்லாங். அவருடைய ஆய்வுகள் 1909இலும் 1917இலும் வெளிவந்தன. அவர் பெயரே அழைப்புச் சுமையின் அலகாகிவிட்டதால் அதை மொழிபெயர்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்றால், மொத்தம் 120 நிமிடம்; ஒரு மணி நேரத்தில் இரண்டு மணி நேரப் பேச்சு, அதாவது 2 எர்லாங். இருவர் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை என்பதால் இருவரை வைத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். காத்திருப்பவர் யாரும் இடையில் போனை வைத்துவிடமாட்டார்கள் என்று கொண்டு எர்லாங் சூத்திரப்படி கணக்கிட்டால், மூவருக்குச் சராசரிக் காத்திருப்பு 80 நொடி. நால்வருக்கு அது 16 நொடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அந்தக் காத்திருப்பைத்தான் ஏ.எஸ்.ஏ., அதாவது ‘ஆவரேஜ் ஸ்பீட் ஆஃப் ஆன்ஸர்’ அளக்கிறது. பெயரில் வேகம் இருக்கிறது, அளவு நொடிகளில் இருக்கிறது. ‘சராசரி மறுமொழி வேகம்’ என்று பெயர்த்துவிட்டால், எண் கூடுவது நல்லது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மை அதற்கு நேர்மாறு. ‘ஏற்புக்கு முன் சராசரிக் காத்திருப்பு’ என்பதே சரி. பேசும் நேரம், இணைப்பில் நிறுத்திவைக்கும் நேரம், பேசியபின் குறிப்பெழுதும் நேரம் மூன்றும் சேர்ந்த ஏ.எச்.டி.க்குச் ‘சராசரிக் கையாள்கை நேரம்’ என்ற நேர்ப்பெயர்ப்பே பொருந்துகிறது.

ஏ.எஸ்.ஏ. பொதுவாக எடுக்கப்பட்ட அழைப்புகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். பொறுமையிழந்து வைத்துவிட்டவர்கள் அதில் வருவதில்லை. அவர்களை அறிக்கை அட்டவணையில் ‘அபாண்டன்ட் கால்’ என்ற தனிப் பத்தி காட்டுகிறது. ‘கைவிடப்பட்ட அழைப்பு’ என்று இதைப் பெயர்த்தால், கைவிட்டவர் யார் என்பது மறைந்து, நிலையமே அழைப்பைக் கைவிட்டதுபோல் ஒலிக்கிறது. அழைத்தவரே வைத்துவிட்டதைத் ‘துண்டித்த அழைப்பு’ என்றும், தொழில்நுட்பக் கோளாறால் அறுந்ததைத் ‘துண்டிக்கப்பட்ட அழைப்பு’ என்றும், யாரும் எடுக்காமலே மணி ஓய்ந்ததைத் ‘தவறிய அழைப்பு’ என்றும் மூன்று பத்திகளாக எழுதினால், எந்தப் பத்தி கூடியிருக்கிறதோ அதற்கேற்பப் பணியாளரைக் கூட்டுவதா, கருவியைப் பழுதுபார்ப்பதா, பணிநேரத்தை மாற்றுவதா என்பதை மேலாளர் அறிக்கையிலிருந்தே முடிவுசெய்யலாம்.