பாம்புக் கல்லும் ஓட்டுக் கணவாயும்

பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் 2000இல் தொடங்கி 2005 வரை 95 அத்தியாயங்கள் வந்த தொடர். ஜாக்கிக்கு முகமூடியும் கிடையாது, முதுகில் பறக்கும் துணியும் கிடையாது. ஆனாலும் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் தெருப் பையன்களுக்கு அவர்தான் சூப்பர் ஹீரோ.

பார்க்காதவர்களுக்காக: கதை பன்னிரண்டு எண்கோணக் கற்களைச் சுற்றி நடக்கும். சீன ராசியின் பன்னிரண்டு விலங்குகளுக்கும் ஆளுக்கொரு கல், கல்லுக்கொரு சக்தி. முயல் என்றால் வேகம், எருது என்றால் பலம், சேவல் என்றால் அந்தரத்தில் மிதப்பது. எல்லோரும் முயல் கல்லுக்கு அடித்துக்கொள்வார்கள். எனக்குப் பாம்புக் கல் வரும் அத்தியாயம்தான் உயிர். அதைக் கையில் வைத்திருப்பவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு வேறென்ன சக்தி தேவைப்படும்?

இப்போது என் அக்கா மகன் அதே தொடரை என் போனில் பார்க்கிறான். போன மாதம் பாம்புக் கல்லைப் பார்த்துவிட்டு, "மாமா, நெசமாவே இப்படி மறைய முடியுமா?" என்று கேட்டான். "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் கடற்கரையில் வளர்ந்தவன் அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். மறைகிற உயிர்களை நாங்கள் தினமும் கூறு கட்டி விற்கிறோம், குழம்பு வைத்துச் சாப்பிடவும் செய்கிறோம்.

முதலில் பாம்புக் கல்லின் வழியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளில் பட்ட ஒளி சிதறியோ திரும்பியோ நம் கண்ணுக்கு வந்தால்தான் அந்தப் பொருள் தெரியும். ஒளி எதிலும் இடறாமல் உடம்பை ஊடுருவிப் போய்விட்டால் ஆளைக் காண முடியாது. சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. அதன் உடம்பில் 95 சதவீதம் தண்ணீர், சுற்றிலும் தண்ணீர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் போகும்போது ஒளி வளைவதற்கோ தெறிப்பதற்கோ பெரிய காரணமில்லை. அதனால்தான் காலில் பட்டு எரிச்சல் எடுத்த பிறகுதான் சொறி இருந்ததே நமக்குத் தெரிகிறது.

சொறிக்கு நம்மைப் போன்ற கண் இல்லை, தப்பித்தது. கண் வைத்துக்கொண்டு கண்ணாடியாக மாறுவதில்தான் சிக்கல். பார்ப்பதென்றால் விழித்திரை ஒளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒளி விழித்திரையையும் தாண்டிப் போய்விட்டால் அங்கே படம் விழாது. ஆக, முழுசாக மறைந்தவன் முழுக் குருடனாகத்தான் இருப்பான். பாம்புக் கல்லை வைத்துக்கொண்டு திருடப் போனால் முதல் சுவரிலேயே முட்டிக்கொள்ள வேண்டியதுதான். கார்ட்டூனில் இதைக் கண்டுகொள்ளவில்லை, நல்லவேளை.

இதற்குச் சாட்சி கூனி என்கிற பொடி இறால். சென்னாக்கூனியைக் கருவாடாக மட்டும் பார்த்தவர்கள் உயிரோடு இருப்பதை ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் விட்டால் கூனியே இருக்காது. கறுப்புப் புள்ளிகள் இரண்டிரண்டாக நீந்திக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் கண்ணாடி, கண் மட்டும் கறுப்பு. கறுப்பு என்றால் அங்கே ஒளி பிடிபடுகிறது என்று அர்த்தம். கூனியால் மறைக்கவே முடியாத இடம் அது.

சரி, கண்ணும் வேண்டும், மறையவும் வேண்டும் என்றால்? அதைக் காட்டத்தான் மறுநாள் விடிகாலையில் மருமகனை எழுப்பிக் கரைக்குக் கூட்டிப்போனேன். தென்கடலுக்குப் போன வத்தைகள் திரும்பும் நேரம். தெரிந்த அண்ணன் ஒருவர் கூடையிலிருந்து உயிரோடு இருந்த ஓட்டுக் கணவாய் (கட்டில்ஃபிஷ்) ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். எங்கள் பக்கம் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் என்று மூன்று வகை சொல்வோம். முதுகுக்குள் வெள்ளை ஓடு இருப்பது ஓட்டுக் கணவாய். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் எடுத்துத் தருவது அந்த ஓட்டைத்தான். எட்டுக் கையோடு ஓடே இல்லாமல் வழுக்குவது பேய்க் கணவாய்.

தொட்டியில் விழுந்ததும் அது கருத்தது. பிறகு வெளுத்தது. பிறகு முதுகில் வரிவரியாக ஏதோ ஓடியது. பையன் வாயைத் திறந்தபடி நின்றான். எத்தனை தரம் பார்த்தவனானாலும் நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

அந்தத் தோலுக்குள் நடப்பது இதுதான். தோல் முழுக்க லட்சக்கணக்கில் மிக நுண்ணிய சாயப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ரப்பர் போல இழுபடக்கூடியது. உள்ளே மஞ்சள், சிவப்பு, பழுப்பு ஆகியவற்றில் ஒரு சாயம். பையைச் சுற்றிலும் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி தசை நார்கள் கிளம்புகின்றன. நார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் பை வட்டமாக விரிந்து சாயம் பளிச்சென்று தெரியும். விட்டுவிட்டால் பை தானாகச் சுருங்கி ஊசிமுனைப் புள்ளியாகிவிடும், நிறம் காணாமல் போகும். எங்கும் எதுவும் பூசப்படுவதில்லை, கரைவதுமில்லை. விரிகிறது, சுருங்குகிறது, அவ்வளவுதான்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த நார்களுக்கு மூளையிலிருந்து நேராக நரம்பு வருகிறது. இடையில் அஞ்சல் மாற்றும் நரம்பு ஒன்றுகூட இல்லை. அதனால் நொடியின் சிறு பகுதிக்குள் தோல் மாறிவிடுகிறது. நிறம் மாறுவதென்றால் பச்சோந்தியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன் வழி வேறு: தோல் செல்லுக்குள் அடுக்கியிருக்கும் படிகங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். கணவாயோடு பச்சோந்தி பந்தயம் கட்டக் கூடாது.

சாயத்தில் பச்சையும் நீலமும் இல்லையே என்று கேட்கலாம். சாயப் பைகளுக்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது: மெல்லிய புரதத் தகடுகளால் ஆன செல்கள். படகுத்துறைத் தண்ணீரில் டீசல் படலம் மிதக்கும்போது வானவில் தெரிகிறதே, அதே வித்தைதான். தகட்டின் கனத்தையும் கோணத்தையும் பொறுத்து ஒளி பிரிந்து நீலமோ பச்சையோ மினுங்கும். அதற்கும் கீழே வெள்ளைச் செல்கள். மேலே விழும் ஒளி எதுவானாலும் அப்படியே திருப்பிவிடும். தோலை மேடு பள்ளமாகப் புடைக்க வைக்கும் தசைகளும் உண்டு. மணலில் மணல் போலவும் பாசிப் பாறையில் பாசி போலவும் ஆவதற்கு இந்த எல்லாமே சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் கேட்டது வேறு: "அப்போ அது மேல ஓடுச்சே கறுப்பு வரி, அது என்னா?"

எனக்கும் அதுதான் பிடித்த இடம். மாதா கோவில் திருவிழாவில் சீரியல் லைட் போடுவார்களே, வெளிச்சம் வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். பல்பு ஒன்றாவது நகர்கிறதா? இல்லை. ஒன்று அணைகிறது, அடுத்தது எரிகிறது. ஓடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கார்ட்டூனும் இதே ஏமாற்றுதான். சினிமாவில் நொடிக்கு 24 சட்டங்கள் (பிரேம்கள்) ஓடுகின்றன. கார்ட்டூனில் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்து, நொடிக்கு 12 படங்களோடு சமாளிப்பார்கள். ஜாக்கி ஒருபோதும் குதிப்பதில்லை. குதிக்காத ஜாக்கிகளை வரிசையாகக் காட்டுகிறார்கள், நம் மூளை குதிக்க வைக்கிறது. கணவாய் முதுகில் ஓடிய வரியும் அப்படித்தான். எந்தச் சாயப் பையும் இடம் மாறவில்லை. முறை வைத்து விரிந்து சுருங்கின, கண்ணுக்கு அலையாகத் தெரிந்தது. மேகத்தின் நிழல் வயல் மேல் போவது போல இருப்பதால் இதை 'கடந்து போகும் மேகம்' என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். கார்ட்டூனை மனிதன் கண்டுபிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

அது வெறும் அலங்காரமும் இல்லை. இந்தோ-பசிபிக் கடல்களில் வாழும் பெரிய கணவாய் இனம் ஒன்று நண்டை நெருங்கும்போது, தலையிலிருந்து கைகளின் நுனிவரை கறுப்பு வரிகளை ஓடவிட்டுக்கொண்டே போகும். நேராக வரும் எதிரி கண்ணுக்குப் பெரிதாகிக்கொண்டே போவதுதான் நண்டுக்கு அபாய மணி. கீழ்நோக்கி ஓடும் வரிகள் அந்த மணியை அமுக்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். நண்டு படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதை முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு நிறம் காட்டும் கணவாய்களில் பெரும்பாலானவை நிறக்குருடு. நம் விழித்திரையில் நிறம் பிரிக்க மூன்று வகைச் செல்கள் உண்டு; இவற்றுக்கு ஒளியைப் பிடிக்க ஒரே வகைதான். வெளிச்சம், இருள், கோடு, புள்ளி இவற்றைக் கச்சிதமாகப் பிடிக்கும். அந்த விசித்திரமான, 'W' எழுத்து வடிவக் கண்மணி நிறத்தைக் கண்டுகொள்ள உதவலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது, முடிவாகவில்லை. மங்கிய நீல வெளிச்சமே எட்டும் ஆழத்தில், வெளிச்ச அளவும் கோலமும் ஒத்துப்போனால் நிறம் பெரும்பாலும் தானாக ஒத்துப்போய்விடும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் கணவாய் முதுகைக் கேமராவால் படம் பிடித்து, பல பத்தாயிரம் சாயப் பைகளைத் தனித்தனியாகக் கணினியில் பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில், புதிதாகத் தோன்றும் பை மஞ்சளாக இருந்து, வயதாக ஆகச் சிவந்து கருக்கிறது என்றும் தெரிந்தது. 2023இல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. தரைக்கு ஏற்ற கோலத்தைக் கணவாய் ஒரே தாவலில் போடுவதில்லை. கொஞ்சம் மாற்றி, நின்று, சரிபார்த்து, மறுபடி மாற்றுகிறது. அம்மா புள்ளிக் கோலத்தில் தப்பு விட்டு விரலால் அழித்துத் திருத்துவதுதான் எனக்கு நினைவு வந்தது.

அதற்குள் தொட்டியில் இருந்தது துவண்டுவிட்டது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும் மினுக்மினுக்கென்றன. "செத்துருச்சா மாமா?" ஏறக்குறைய. மூளையிலிருந்து கட்டளை நின்றால் நார்கள் தளரும், பைகள் சுருங்கும், உடம்பு வெளுக்கும். கடையில் நாம் பார்க்கும் வெள்ளைக் கணவாய் எல்லாம் கட்டளை நின்ற கணவாய்தான். மினுக்குகிற கணவாய்க்கு ஏலத்தில் விலை கூட.

வீட்டுக்கு நடக்கும்போது இன்னொரு கதையும் சொன்னேன். கடலில் கண்ணுக்கு மறைந்தால் மட்டும் போதாது. சுறாவால் இரையின் உடம்பிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்சாரத்தை உணர முடியும். கணவாய் என்ன செய்கிறது என்று பார்க்க 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தொட்டியின் பக்கத்தில் ஐபேடை வைத்து, பெரிதாகிக்கொண்டே வரும் சுறாவின் நிழலை அசைபடமாக ஓட்டினார்கள். கணவாய் அப்படியே உறைந்து, மூச்சைக் குறைத்து, தண்ணீர் போய்வரும் துளைகளைக் கைகளால் மூடிக்கொண்டது. மின் கசிவு குறைந்தது. நண்டின் நிழலைப் போட்டபோது அப்படி உறையவில்லை.

"கணவாய்க்குக் கார்ட்டூன் போட்டாங்களா!" என்று நின்றுவிட்டான். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பி ஓடினான். நான் பின்னாலேயே போய்ச் சேர்வதற்குள் அண்ணன் தொட்டியைக் கவிழ்த்துவிட்டிருந்தார். கணவாய் ஐஸ் பெட்டிக்குள், பால் வெள்ளையாக.