கத்தியின் கறுப்பை உரிப்பது எப்படி?

கிளிநொச்சியில் வாங்கிய காட்டுக்கத்தி புதிதாய் இருக்கும்போது கறுகறுவென்று அழகாகத்தான் இருந்தது. வளவுப் பற்றையை நாலு நாள் வெட்டியதும் வாயோரம் கறுப்பு பொரிந்து, உள்ளே செந்துரு எட்டிப் பார்த்தது. மிச்சத்தையும் உரித்துவிட நினைத்தேன். அப்போதுதான் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு இல்லை என்று விளங்கியது.

மலிவான கத்திகளில் இருப்பது பெரும்பாலும் வார்னிஷ் அல்லது பெயின்ட். கடைக்கு வந்து விற்கும்வரை துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. கூருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. அசையாத எண்ணெய்ப் பெயின்டுக்குக் காஸ்டிக் சோடா இருக்கிறது. பெயின்டைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெயை அது சவர்க்காரமாக மாற்றிவிடும், பிடிமானம் போனதும் பெயின்ட் வழுக்கி வந்துவிடும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் உப்பிலிருந்து செய்தது இதே காஸ்டிக் சோடாவைத்தான். கண்ணுக்குக் கவசமும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டுதான் இதைத் தொட வேண்டும். தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அலுமினியச் சட்டியும் கூடாது, அரித்துவிடும்.

தடிப்பாக, பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் பவுடர் பூச்சு தின்னருக்கு மசியாது. அதற்கு சாண்ட் பேப்பரும் பொறுமையும்தான்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது. அது பூச்சே இல்லை, இரும்பின் மேற்பரப்பே மாறிய நிலை. காஸ்டிக் சோடா போன்ற காரத்தின் சூடான கரைசலில் கத்தியை அமிழ்த்தினால் மேல் இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து மக்னடைட் என்ற கறுப்பு ஒட்சைட்டாகிறது. தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். காரத்தில் உருவானதை அமிலம் கரைக்கும். சமையலுக்கு வைத்திருக்கும் வினாகிரியே போதும், அதில் அசற்றிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு மூலையில் ஒரு துளி விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் உங்கள் கத்தி இந்த வகை. மரப்பிடியை நனைக்காமல் அலகை மட்டும் ஊறவிட்டு, இடைக்கிடை தேயுங்கள். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும்.

அடுப்பில் போட்டு எரித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கத்தியின் கடினம் கம்மாலையில் செந்தணலாகக் காய்ச்சித் தோய்த்ததால் வந்தது. அதன் பிறகு உடையாமல் இருக்கக் கடினத்தைச் சற்றுக் குறைத்துப் பதமாக்கும் சூடு வழக்கமாக 200 பாகையிலிருந்து தொடங்குகிறது. 300 பாகை அளவில் உருக்கு நீலமாகும், கடினமும் இறங்கிவிடும். விறகு நெருப்பு அதைத் தாண்டிப் போகும். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்தினாலும் கூர் மெலிந்த விளிம்பில் இதே கதைதான்.

சரி, உரித்தாயிற்று. இப்போது அலகு அம்மணமாக நிற்கிறது. மாரி காலத்து ஈரத்தில் ஒரே இரவில் துரு பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் எடுக்கும், பொருக்குப் பொருக்காகப் பெயரும், காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடும். அதனால்தான் அது நிற்காமல் தின்றுகொண்டே போகிறது.

இதற்கு வழி நம் குசினியிலேயே இருக்கிறது. வாழைப்பூ அரிந்தால் கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவிலும் தேயிலையிலும் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாக ஒட்டிக்கொள்கிறது. பழைய காலத்து மை செய்ததும் இதே வேதியியலால்தான். கடும் தேயிலைச் சாயத்தில் சிறிது வினாகிரி கலந்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவிய அலகைச் சில மணி நேரம் ஊறவிட்டால் இந்த நிறத்தை நாமே வரவழைக்கலாம். குரோமியம் கூடிய துருப்பிடியாத உருக்கில் மட்டும் இது பிடிக்காது, அதன் மேல் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஒட்சைட்டுப் படலம் காவல் இருக்கிறது.

இந்தக் கறுப்பு துருவை மெதுவாக்கும், முழுதாகத் தடுக்காது. அதனால் வெட்டி முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசிவிடுகிறேன். என் கத்தி இப்போது முதுகுப்பக்கம் கருநீலம், வாயோரம் வெள்ளி, நடுவில் மாங்காய் வெட்டிய நாளின் திட்டுகள்.