ஒற்றை ஆக்சிஜனைக் கழற்றும் நொதி

ஏற்காட்டு ஆரஞ்சைத் தின்றால் அதன் டி.என்.ஏ. நம் டி.என்.ஏ.வோடு சேர்ந்துவிடாதா என்று நாகலூரிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். சேராது. குடல் அதைச் சிதைத்துவிடும். நம் செல்கள் தமக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தாமே தயாரித்துக்கொள்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் டி.என்.ஏ.வைக் கட்டும் கற்களான நியூக்ளியோடைடுகள் சுமார் 1,200 கோடி வேண்டும். அவற்றிலுள்ள சர்க்கரை குளுக்கோஸிலிருந்து, நைட்ரஜன் பெரும்பாலும் அமினோ அமிலங்களிலிருந்து. இவையெல்லாம் பாடநூல் சமாச்சாரம்.

ஆனால் இப்படிக் கிடைப்பது ஆர்.என்.ஏ.வுக்கான சரக்கு. டி.என்.ஏ.வுக்கு, சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் உள்ள ஆக்சிஜன் போயாக வேண்டும். அதைக் கழற்றுவது ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்னும் நொதி. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

கஞ்சமலைப் பாறையில் கிடக்கிறதே இரும்பு, அதே இரும்பின் இரண்டு அணுக்கள் இந்த நொதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து, அருகிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கின்றன. டைரோசின், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் 'தனி உறுப்பு' (free radical) ஆகிவிடுகிறது. வழக்கமாகத் தனி உறுப்புகள் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும், ஈ.கோலை பாக்டீரியாவின் நொதியைப் பிரித்தெடுத்துக் குளிரில் வைத்தாலோ, இது நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. வேலை வந்ததும் அந்த எலக்ட்ரான் வெறி அமினோ அமிலம் அமினோ அமிலமாகக் கைமாறி, சுமார் 3.5 நானோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு சிஸ்டீனைச் சேர்கிறது. சிஸ்டீன் கைவைப்பது இரண்டாம் கார்பனில் அல்ல, பக்கத்து மூன்றாம் கார்பனில்! அங்கிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்ததும் இரண்டாம் கார்பனின் பிடி தளர்ந்து, ஆக்சிஜன் தண்ணீராக வெளியேறுகிறது. வேலை முடிந்ததும், எடுத்த ஹைட்ரஜனை எடுத்த இடத்திலேயே சிஸ்டீன் திருப்பி வைத்துவிடுகிறது. இந்தக் கணக்கு வழக்கைப் பல ஆண்டுகள் உழைத்துத் துலக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் ஜோஆன் ஸ்டப். "இதனால் என்ன பயன்?" என்று முதல் வரியிலேயே கேட்கும் நிதி விண்ணப்பப் படிவங்களில் இத்தகைய ஆராய்ச்சி தேறுமா என்பது எனக்குச் சந்தேகமே.

சேலத்துக் கடைகளில் 'தனி உறுப்புகளை அடியோடு ஒழிக்கும்' பொடிகள் விற்கிறார்கள். சொன்னபடி ஒழித்தால் செல் பிரிவதே நின்றுபோகும். உண்மையில் அந்த டைரோசினின் தனி உறுப்பை அணைக்கும் மருந்து ஒன்று உண்டு: ஹைட்ராக்சியூரியா. சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் அரிவாள் செல் சோகைக்கும் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது இதனால்தான். எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் பிரியும் செல்களுக்கும் இதே நொதிதான் சரக்கு தர வேண்டும்.