பண்டிட்: சொல்லும் வேலையும் தமிழும்

இங்கிலாந்துக் கால்பந்து ஒளிபரப்பில் ‘பண்டிட்’ என்றால், ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் ஆட்டம் முடிந்த பின்னும் படப்பிடிப்பு அரங்கில் உட்கார்ந்து, நடந்தது ஏன் நடந்தது என்று சொல்பவர். பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர், சில நேரம் முன்னாள் பயிற்சியாளர். இவரை மூவரோடு குழப்பிக்கொள்வது வழக்கம். பந்து யார் காலில் இருக்கிறது என்று ஆட்டம் நெடுகச் சொல்லிக்கொண்டே வருபவர் வர்ணனையாளர். அவர் நிறுத்தும் இடத்தில் புகுந்து இரண்டு வாக்கியம் பேசுபவர் துணை வர்ணனையாளர். கேள்வி கேட்டு, நேரம் பார்த்து, விளம்பரத்துக்கு வழிவிடுபவர் தொகுப்பாளர்.

ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்ப்பதுண்டு. 2012 ஏப்ரலில் பார்சிலோனா மைதானத்தில் செல்சியின் ஃபெர்னாண்டோ டோரஸ் கடைசி நிமிடங்களில் தனியாளாக ஓடிப்போய் கோல் போட்டபோது மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் காப்பாளர் கேரி நெவில் எழுப்பிய அந்த நீண்ட ஓலம், துணை வர்ணனையாளராக இருந்தபோது எழுந்தது. அதே நெவில் திங்கட்கிழமை இரவு தொடுதிரை முன் நின்று, வலப்பக்கக் காப்பாளர் நான்கு அடி உள்ளே வந்ததால் என்ன ஆனது என்று காட்டும்போது பண்டிட். முதல் வேலைக்கு வேண்டியது அந்த நொடியின் உணர்ச்சி. இரண்டாவதற்கு வேண்டியது காரணம்.

சொல்லின் வேர் சமஸ்கிருதத்தின் ‘பண்டித’. கற்றறிந்தவர் என்று பொருள். இந்தி வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ‘பஞ்சாப்’ என்பதன் முதல் உயிரை ஆங்கிலேயர் ‘u’ என்ற எழுத்தால் எழுதியதுபோலவே இதையும் (pundit) எழுதியதால்தான் எழுத்துக்கூட்டலைப் பார்ப்பவர்கள் ‘புண்டிட்’ என்று தவறாகப் படிக்கிறார்கள். உச்சரிப்பு ‘பண்டிட்’தான்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் ஒரு பதவிப் பெயராகவே ஊன்றியது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித்துறைத் திட்டப்படி, இந்துக்களின் வாரிசுரிமை, திருமண வழக்குகள் சாஸ்திரப்படி தீர்க்கப்பட வேண்டும். வங்காளத்தில் உட்கார்ந்த ஆங்கில நீதிபதிகளுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. ஆகவே நீதிமன்றத்தில் ஒரு பண்டிதர் அமர்த்தப்பட்டார். நூல் என்ன சொல்கிறது என்று அவர் எழுதிக்கொடுக்கும் கருத்துக்கு ‘வியவஸ்தை’ என்று பெயர். தீர்ப்பை எழுதுபவர் நீதிபதி. பண்டிதர் கருத்தோடு நின்றுகொள்வார்.

சந்தேகமும் கூடவே பிறந்தது. 1783இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம், பண்டிதர் சொல்வதை அப்படியே நம்பும் நிலையில் இருக்க அவர் விரும்பவில்லை. இவர் எந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறார் என்ற கேள்வி அது. பின்னாளில் வழக்குத் தீர்ப்புகள் குவிந்து, நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டு, 1864இல் அந்தப் பதவி எடுக்கப்பட்டது. பதவி போனது, பெயர் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது.

பதவி ஒழிந்த கையோடு இன்னொரு வேலைக்கு இந்தப் பெயர் ஒட்டியது. வெள்ளையர் நுழைய முடியாத திபெத்தை அளக்க, இந்திய நில அளவைத் துறை மலைநாட்டு ஆட்களைப் பழக்கி அனுப்பியது. அவர்களில் முதன்மையானவர் குமாவுன் பகுதியைச் சேர்ந்த நைன் சிங் ராவத். பள்ளி ஆசிரியராக இருந்ததால் அவரைப் ‘பண்டிட்’ என்றே ஆவணங்களில் குறித்தார்கள். ஒரு மைலுக்கு 2,000 காலடி வரும்படி நடை பழகி, வழக்கமான 108 மணிக்குப் பதிலாக 100 மணி கோத்த செபமாலையில், நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளி எண்ணினார். ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல். 1866 ஜனவரியில் லாசா சேர்ந்தார். பண்டிட் என்ற பெயர் இவ்வளவு துல்லியத்தோடு வேறெப்போதும் சேர்ந்திருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஆங்கிலத்தில் பொருள் விரிந்தது. முதலில் கரைகண்ட அறிஞர், அதற்குப் பின் அறிஞர்போலப் பேசுபவர், 20ஆம் நூற்றாண்டில் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் கருத்துச் சொல்லிச் சம்பளம் வாங்குபவர். பாராட்டும் குத்தலும் ஒரே சொல்லில் கலந்துவிட்டன. இரசிகர் வாயில் இன்று இந்தச் சொல் வரும் தொனியைக் கவனித்தால் இரண்டும் கேட்கும்.

கால்பந்துக்கு இந்த வேலை ஒழுங்காக வந்து சேர்ந்தது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில். இங்கிலாந்தின் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவிக்காக ஜிம்மி ஹில் நால்வரை ஒரே மேசையில் உட்காரவைத்தார்: மால்கம் அலிசன், பேட் கிரெராண்ட், டெரெக் டூகன், பாப் மெக்நாப். அதுவரை நிபுணர் என்றால் அடக்கமாக ஒருவர் வந்து இரண்டு வார்த்தை சொல்லிப் போவார். இவர்களோ ஒருவரை ஒருவர் மறித்துச் சண்டை போட்டார்கள். இன்று உலகம் முழுக்க ஓடும் அரங்க விவாதத்துக்கு அச்சு அதுதான்.

ஹில் பின்னர் பிபிசிக்குப் போனார். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் டேவிட் நேரி தொலைவிலிருந்து அடித்த முதல் கோலை, காலின் நுனியால் தட்டியது என்று சொல்லிவிட்டார். பிரேசில் 4-1 என்று வென்ற ஆட்டம் அது. ஸ்காட்லாந்து இரசிகர்கள் தோல்வியை விட்டாலும் அந்த வாக்கியத்தை விடவில்லை, ஆண்டுக்கணக்கில் ஹில்லைத் திட்டிப் பாட்டே பாடினார்கள். இரசிகருக்குத் தன் அணியின் கோல் சொத்து. அதைக் குறைத்துச் சொல்பவர் எவ்வளவு அறிந்தவரானாலும் மன்னிப்பில்லை.

அடுத்து வந்தவர் ஆலன் ஹான்சன். 1992 முதல் 2014 வரை பிபிசியில் இருந்தார். லிவர்பூல் காப்பாளராக எட்டு லீக் பட்டம் கண்டவர் என்பதால், காப்புவரிசையில் யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டியதை இரசிகர் நம்பினார்கள். ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம். 1995 ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றது. சின்னப் பையன்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்றார் ஹான்சன். அந்தப் பருவத்தில் யுனைடெட் லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்றது.

இதை அவருடைய அறியாமை என்று தள்ளுவது சரியல்ல. பிழை எங்கே என்று பார்த்தால்தான் பண்டிட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். அது பருவத்தின் முதல் ஆட்டம். தடையில் இருந்த எரிக் கன்டோனா அக்டோபரில்தான் திரும்பினார், ரயன் கிக்ஸும் அன்று இல்லை. யார் இல்லை என்பதை ஒதுக்கிவிட்டு, இருந்தவர்களின் வயதை மட்டும் காரணமாக்கியதில் வந்த பிழை அது. ஒரு ஆட்டத்தைக் கொண்டு ஒரு பருவத்தை அளந்தது இன்னொன்று.

2011இல் நெவிலும் 2013இல் ஜேமி கேரகரும் ஸ்கை ஸ்போர்ட்ஸுக்கு வந்த பிறகு இரசிகர் எதிர்பார்ப்பே மாறிவிட்டது. ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட், மற்றவர் லிவர்பூல். ஆடிய காலத்தில் எதிரணி இரசிகர்களால் வெறுக்கப்பட்டவர்கள். அந்த எதிரணி இரசிகரே இவர்களை விரும்பிப் பார்க்கத் தொடங்கியதற்குக் காரணம், தம் பழைய கழகத்தையே காரணத்தோடு கண்டித்ததுதான். நெவில் 2015 டிசம்பரில் வாலென்சியாவுக்குப் பயிற்சியாளராகப் போய், பார்சிலோனாவிடம் 7-0 என்று ஒருமுறை தோற்று, 28 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்று 2016 மார்ச்சில் நீக்கப்பட்டார். ‘இனி இவர் யாருக்குப் பாடம் எடுப்பார்?’ என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் குறைவு. ஒளிப்பதிவை நிறுத்திப் பிழையைக் காண்பது ஒரு திறமை, செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில் அந்தப் பிழையைத் திருத்துவது முற்றிலும் வேறு திறமை.

மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் தலைவர் ராய் கீன் இன்னொரு வகை. 2020 ஜூனில் டாட்டன்ஹாமுடன் நடந்த ஆட்டத்தில் யுனைடெட் காப்பாளர் ஹாரி மக்வையரைத் தாண்டி பெர்க்வைன் அடித்த பந்து கோல்காப்பாளர் டே ஹேயாவின் கையில் பட்டும் உள்ளே போனது. இடைவேளையில் கீன் கொதித்தார், ஓய்வறையில் தான் இருந்தால் கையோங்கியிருப்பேன் என்கிற அளவுக்குப் போனார். இரசிகர்கள் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், அடிமனத்தில் இருந்ததை ஒரு முன்னாள் தலைவர் வாய்விட்டுச் சொன்னதால். ஆனால் மக்வையர் ஏன் திரும்ப முடியாமல் போனார், நடுக்களத்தில் பந்து எப்படிப் பறிபோனது என்பதற்கு அந்தக் கோபம் விடை தராது. கீனைப் பார்ப்பது தரத்தை யாராவது காக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள. விளக்கம் வேண்டுமானால் வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

அயர்லாந்தில் ஆர்டிஇ தொலைக்காட்சியின் ஜான் ஜைல்ஸ், ஈமன் டன்ஃபி, லியம் பிரேடி மூவரை அந்நாட்டு இரசிகர் கொண்டாடினார்கள். தொகுப்பாளர் பில் ஓ’ஹெர்லிஹி தெரியாதவர்போல எளிய கேள்வி கேட்பார், மூவரும் அடித்துக்கொள்வார்கள். 1990 உலகக் கோப்பையில் எகிப்துடன் அயர்லாந்து கோலின்றி முடித்த நாளில் டன்ஃபி மேசையில் பேனாவை வீசியதற்கு நாடே கொந்தளித்தது. சொந்த அணியென்று பார்க்காமல் பேசியவர் என்ற மதிப்பு பிறகுதான் வந்தது.

2018 உலகக் கோப்பையில் எனி அலூக்கோ கோஸ்ட்டாரிக்கா அணியைப் பற்றி விவரமாகப் பேசி முடித்ததும், பக்கத்தில் இருந்த பட்ரீஸ் எவ்ரா கைதட்டினார். சக பண்டிட்டின் தயாரிப்பை வியப்புக்குரியதாக ஆக்கிவிட்டார் என்று இரசிகர் பலர் எவ்ராவைக் கண்டித்தார்கள். கண்டித்தது சரி. பலர் ஆட்டக்காரர்களின் பெயர்கூடத் தெரியாமல் வந்து உட்கார்ந்த மேசையில் அலூக்கோ படித்துவிட்டு வந்திருந்தார், அது அந்த வேலையின் அடிப்படை.

பண்டிட் சொல்வது எங்கே தவறும்? இடைவேளை 15 நிமிடம். வணிகத் தொலைக்காட்சியில் விளம்பரம் போக மிஞ்சும் சில நிமிடத்தில் இரண்டு மூன்று காட்சிகளுக்குத்தான் இடம். அந்தக் காட்சிகளும் முதல் பாதி முடியுமுன்பே தேர்ந்தெடுக்கப்பட்டுவிடும். ஆகவே கோலுக்கு முந்தைய மூன்று நொடியே பேசப்படுகிறது. பிழை பெரும்பாலும் அதற்குப் பத்து நொடி முன்னால், பந்து பறிபோன இடத்தில் இருக்கும். ஒளிப்பதிவை நிறுத்தினால் எல்லாக் காப்பாளரும் தவறான இடத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும், ஏனென்றால் ஓட்டத்தின் திசை அந்தப் படத்தில் இல்லை. முழுக் களமும் தெரியும் உயரக் கேமராக் காட்சியைக் காட்டும் பண்டிட்டை அதிகம் நம்பலாம்.

மூலையடியில் கோல் விழுந்தால் வரும் பழைய பிழை ஒன்று உண்டு. ஆளுக்கு ஆள் காக்கும் அணி கோல் வாங்கினால் அந்த ஆளைக் குறை சொல்வார்கள். ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக் காக்கும் அணி வாங்கினால் முறையையே குறை சொல்வார்கள். அதே முறை தடுத்த இருபது மூலையடிகளை யாரும் எண்ணிக் காட்டுவதில்லை. 2017இல் பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சி, கிடைத்த வாய்ப்புகளின் தரத்துக்கு எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்று மதிப்பிடும் எதிர்பார்ப்புக் கோல் கணக்கைக் காட்டத் தொடங்கியதிலிருந்து, ‘அதிர்ஷ்டமில்லாமல் தோற்றார்கள்’ என்று வெறுமனே சொல்லித் தப்புவது கடினமாகியிருக்கிறது. அது நல்லது.

இனி தமிழ். ‘பண்டிதர்’ என்று அப்படியே திருப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். தமிழில் அந்தச் சொல் வேறு வழியில் வளர்ந்துவிட்டது. பள்ளிகளில் தமிழ்ப் பண்டிதர் என்றால் இலக்கணம் இலக்கியம் நடத்துபவர். பண்டிதம் என்றால் மருத்துவம் என்றும் பொருள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர், ஆபிரகாம் பண்டிதர் இருவரும் சித்த மருத்துவர்கள். ஈழத்தில் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்றோரின் பெயரோடு அது புலமைப் பட்டமாக நிற்கிறது. இந்த வரிசையில் ராய் கீனைச் சேர்த்து ‘கால்பந்துப் பண்டிதர்’ என்று எழுதினால் வாசகருக்கு மேற்கோள் நூல்தான் நினைவுக்கு வரும்.

‘நிபுணர்’, ‘வல்லுநர்’ அறிவைச் சொல்கின்றன, தொழிலைச் சொல்லவில்லை. களப் புல்லைப் பராமரிப்பவரும் வல்லுநரே. ‘ஆய்வாளர்’ காவல் நிலையத்தை நினைவூட்டும். மேலும் கழகங்களிலேயே ஒளிப்பதிவைப் பகுத்துப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் தனி ஊழியர் இருக்கிறார், அச்சொல் அவருக்கு வேண்டும். ‘விமர்சகர்’ நெருங்கி வருகிறது, ஆனால் பேச்சு வழக்கில் குறை சொல்பவர் என்ற பக்கமே கூடுதலாகச் சாய்கிறது.

பொருந்துவது ‘ஆட்டத் திறனாய்வாளர்’. திறனாய்வு என்பது இலக்கியத்தில் குறையையும் நிறையையும் காரணத்தோடு எடைபோடும் வேலைக்குப் பழகிய சொல். கால்பந்து இரசிகர் பண்டிட்டிடம் கேட்பதும் அதே காரணத்தைத்தான். நிகழ்ச்சிக்கு ‘ஆட்ட அலசல்’ என்பது ஏற்கெனவே பத்திரிகை வழக்கில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை. அரங்கில் உட்காரும் கூட்டத்துக்குத் திறனாய்வுக் குழு என்று சொல்லலாம்.

எழுதும்போது: ‘இடைவேளையில் திறனாய்வாளர் கேரகர் இரண்டாவது கோலை அலசினார்’, ‘துணை வர்ணனையாளர் நெவில் அலறினார்’. இரண்டாவது வாக்கியத்தில் திறனாய்வாளர் என்று போடக்கூடாது. இலங்கை வாசகருக்கு எழுதினால் உதைபந்தாட்டத் திறனாய்வாளர், மலேசியா சிங்கப்பூர் வாசகருக்குக் காற்பந்துத் திறனாய்வாளர். தலைப்பில் இடம் போதாதபோது ‘பண்டிட்’ என்றே எழுதி, செய்தியின் முதல் வரியில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிடலாம். அந்தக் கடன்சொல்லுக்கு ‘-கள்’ சேர்த்தால் ‘பண்டிட்கள்’. ‘பண்டிட்டுகள்’ என்று டகரத்தை இரட்டித்து எழுதுபவர்களும் உண்டு, பேச்சோசைக்கு அதுவே ஒத்துவருகிறது.